அங்கே நிலக்கரி குழி நீச்சல் ஏரி ஆனது. இங்கே சவுடு குழி உயிரை வாங்குகிறது

கும்மிடிப்பூண்டி:-

கோடை விடுமுறை வந்தாலே திருவள்ளூர் மாவட்ட பெற்றோருக்கு ஒரு பயம். பையன் எந்தக் குழியில் குளிக்கப் போனானோ என்பதுதான் அது.

சிப்காட் தொழிற்பேட்டைகளில் இடம் மேடாக்கவும், ரோடு போடவும் லாரி லாரியாக சவுடு மண் போகிறது. செங்கல் சூளைக்கும் மண் எடுக்கிறார்கள். மண் போன இடத்தில் பள்ளம் மிச்சம். வடகிழக்கு பருவமழையில் நிரம்பும் இந்தப் பள்ளங்கள், ஏரி வற்றிப் போன மே மாதத்திலும் தண்ணீரோடு கிடக்கும். பசங்க அங்கே ஓடுவதற்கு காரணமே இதுதான்.

இதைவிட பல மடங்கு பெரிய நிலக்கரி சுரங்கத்தையே நீச்சல் ஏரியாக மாற்றிக் காட்டி இருக்கிறது ஜெர்மனி.

கரி தீர்ந்தது, தண்ணீர் வந்தது

கிழக்கு ஜெர்மனியின் சென்ப்டன்பர்க் ஊரில், நம்ம நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரி வெட்டினார்கள். கரி தீர்ந்த பிறகு 1967 முதல் 1972 வரை ஆற்றுத் தண்ணீரை விட்டு குழியை நிரப்பினார்கள். மணல் கரை அமைத்து 1973-ல் குளிக்க திறந்து விட்டார்கள். ஏரியின் பரப்பு சுமார் 1,300 ஹெக்டேர். லீப்சிக் நகரம் அருகே இன்னொரு சுரங்கம் 2000-ம் ஆண்டு காஸ்புடன் ஏரியாக திறக்கப்பட்டது.

தண்ணீர் விட்டால் மட்டும் போதாது. பழுப்பு நிலக்கரி மண்ணில் கந்தகம் கலந்திருப்பதால் ஊறும் தண்ணீர் அமிலமாக மாறும். அதனால் ஆற்றுத் தண்ணீரை வேகமாக விடுகிறார்கள். சில ஏரிகளில் படகில் சுண்ணாம்பு கொண்டு போய் கொட்டுகிறார்கள். கரையை சரிவாக வெட்டி, நீண்ட இரும்புக் குழாயை இறக்கி அதிர வைத்து மண்ணை இறுக்குகிறார்கள்.

அப்படி இருந்தும் 2009 ஜூலை 18-ந்தேதி நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில், தண்ணீர் நிரப்பிக் கொண்டிருந்த பழைய சுரங்கத்தின் கரை சரிந்து வீடுகள் உள்ளே போயின. 3 பேர் பலியானார்கள். ஏரியை மூடி விட்டார்கள். கரை விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு.

நம் நாட்டிலும் சத்தீஸ்கர் மாநிலம் சூரஜ்பூர் மாவட்டம் கேனாபாராவில், கைவிட்ட நிலக்கரி குழியில் படகு சவாரி நடக்கிறது. மீன் வளர்க்கிறார்கள்.

இங்கே ஏன் சாவு?

ஏரியில் இறங்கினால் கால் வைக்க வைக்கத்தான் ஆழம் கூடும். பொக்லைன் தோண்டிய குழியில் அப்படி இல்லை. சுவர் செங்குத்து. ஒரு அடி தள்ளி வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். ஏறலாம் என்று கரையைப் பிடித்தால் மண் உதிரும். அடியில் சேறு காலை இழுக்கும்.

ஏரிக்குள்ளேயே சவுடு எடுத்த இடம் இன்னும் மோசம். தண்ணீர் நிரம்பியதும் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சின்ன வயதில் இருந்து அதே ஏரியில் குளித்தவரும் மாட்டிக் கொள்வார். அனுமதித்த ஆழத்தை தாண்டி தோண்டுகிறார்கள் என்பது இந்தப் பகுதியில் பழைய புகார்.

குழியால் பயனும் உண்டு. மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரி தண்ணீரை 2017, 2019 வறட்சியில் சுத்திகரித்து சென்னைக்கு குடிக்க கொடுத்தார்கள். அதே குவாரியில் குளிக்கப் போய் உயிர் விட்டவர்களும் உண்டு. தண்ணீர் ஒன்றுதான். பொறுப்பு யாருக்கு என்பதில்தான் வித்தியாசம்.

நீச்சல் ஏரி வேண்டாம், சரிவு போதும்

கும்மிடிப்பூண்டிக்கு ஜெர்மனி மாதிரி ஏரி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மண் எடுத்து முடித்ததும் அதே பொக்லைனை வைத்து ஒரு பக்கமாவது சரிவு போடலாம். கல்குவாரி என்றால் கம்பி வேலி கட்டலாம். ஆழத்தை எழுதி பலகை வைக்கலாம். குழியை அதிகாரிகள் நேரில் அளந்து பார்த்த பிறகே கணக்கை முடிக்கலாம்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே மாவட்ட கனிம அறக்கட்டளை என்ற ஏற்பாடு, 2015-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் வந்திருக்கிறது.

மண் எடுத்தவர் லாரியோடு போய் விடுகிறார். குழி மட்டும் ஊரிலேயே இருக்கிறது. அடுத்த கோடைக்கு முன்னால் அதற்கு ஒரு சரிவாவது போடுவார்களா?