குற்றவாளி சைக்கிள் அன்று

"கழுத்து வலிக்கிறதா? முதலில் அந்தச் சைக்கிளை விடு." தங்கவயலில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு இந்த அறிவுரை புதிதன்று. வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், அலுவலக நண்பர்களும் சொல்கிறார்கள். அக்கறையில் பிறந்த சொல்தான். ஆயினும் அது பிழையான அறிவுரை என்பதும், வலியின் உண்மையான காரணத்தை அது மறைத்துவிடுகிறது என்பதும் என் கருத்து.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், இவ்வூரின் பிழைப்பு பெங்களூர் இரயிலோடு பிணைந்துவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் அதிகாலையில் ஏறி இரவில் இறங்குவோர் ஆயிரக்கணக்கானோர். கணினி முன் அமர்ந்து பணிபுரிவோரும் அவர்களுள் உண்டு. சிலர் நிலையம்வரை சைக்கிளில் வருகின்றனர்; சிலர் ஞாயிறு காலையில் கியர் சைக்கிளில் பேத்தமங்கலா ஏரிவரை போய்வருகின்றனர். இத்தகையவர் ஒருவரின் வேலைநாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சைக்கிளின் மேல் அரை மணி நேரம். நாற்காலியில் எட்டு மணி நேரம். இரயிலில் போகவர நான்கு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் கைபேசியைக் குனிந்து பார்த்தபடி. பன்னிரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு அரை மணி நேரத்தைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பழி சைக்கிளின் மேல் விழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோள்களுக்கு நேர்மேலே இருக்கும்வரை கழுத்துத் தசைகளுக்கு வேலை குறைவு. மடிக்கணினியின் தாழ்ந்த திரையை நோக்கித் தலை முன்னே நீளும்போது, பிடரியிலிருந்து தோள்வரை பரவியுள்ள டிரப்பீசியஸ் தசை அதை ஓய்வின்றி இழுத்துப் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு களைத்த தசையோடுதான் நாம் சைக்கிளில் ஏறுகிறோம். முந்திய தலைமுறையின் கறுப்புச் சைக்கிள் ஓட்டுபவரை நிமிர்த்தி உட்கார வைத்தது. இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் கைப்பிடி தாழ்ந்தும் எட்டியும் இருக்கிறது. உடல் முன்னே சாய, சாலையைப் பார்ப்பதற்காக மோவாயை உயர்த்த வேண்டியிருக்கிறது. நாள் முழுதும் சேர்ந்த வலி அங்கே வெளிப்படுகிறது. வெளிப்பட்ட இடத்தையே பிறந்த இடமாக எண்ணிவிடுகிறோம்.

இதற்கு ஒரு நல்ல சான்று டென்மார்க்கில் கிடைத்தது. நாள்பட்ட கழுத்துத் தசைவலி கொண்ட பெண் பணியாளர்களை வைத்து அங்கு நடந்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஒரு குழுவினர் தோள்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நிலைச்சைக்கிள் மிதித்தனர். மற்றொரு குழுவினர் கழுத்துக்கும் தோளுக்கும் உரிய எடைப்பயிற்சி செய்தனர். வாரம் மூன்று முறை, முறைக்கு 20 நிமிடம், பத்து வாரம். சைக்கிள் மிதித்தவர்களின் வலி கூடவில்லை. மிதித்த பின் சிறிது நேரம் குறைந்தது. எடைப்பயிற்சி செய்தவர்களிடம் அது பெருமளவு குறைந்து, நீடித்தும் நின்றது. ஆகவே சைக்கிளை நோயாகவும் கருத வேண்டியதில்லை, மருந்தாகவும் கருத வேண்டியதில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் வலுவூட்டுவது தனி வேலை.

செய்யக்கூடியவை எளியவை. கைப்பிடியை உயர்த்தி, உடலுக்குச் சற்று அருகே கொண்டுவரலாம். ஓட்டும்போது முழங்கையைச் சிறிது மடக்கி வைக்கலாம். மடிக்கணினிப் பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டலாம். அலுவலகத்தில் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். விசைப்பலகை தனியே இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். கையில் மரமரப்போ வலுக்குறைவோ தோன்றினால் மட்டும் இவற்றோடு நிற்காமல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மொழியியல் மாணவனாக எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த வலிக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் சுளுக்கு, வாயுப்பிடிப்பு. சுளுக்கு என்றால் ஒரு கணத்தில் நேர்ந்த விபத்து. வாயு என்றால் உண்ட உணவின் குற்றம். இரண்டிலும் வேலைக்கு இடமே இல்லை. பெயரில் இல்லாத காரணத்தை எவரும் தேடுவதில்லை.

இவ்வூருக்கு அதன் விலை தெரியும். ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே 1880இல் கால்வைத்தது. சிலிகோசிஸ் இந்தியாவில் முதன்முதலாகக் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1947இல் பதிவானதாக மருத்துவப் பாடநூல் கூறுகிறது. இடைப்பட்ட அறுபத்தேழு ஆண்டுகளில் இருமி மாய்ந்தவர்களின் நோய் என்னென்ன பெயர்களில் கடந்துபோயிருக்கும்? கழுத்துவலி உயிரைக் குடிப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் வேலை தந்த வலியை உடல்வாகு என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

ஆதலால் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: சைக்கிளை விற்காதீர்கள். இதை வேலைவலி என்றே சொல்லுங்கள். திரையை உயர்த்த ஒரு தாங்கியும் தனி விசைப்பலகையும் வேண்டுமென்று அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அது சலுகை அன்று; நாற்காலியைப் போல, வேலைக்கு வேண்டிய கருவி.