நகல்காரன் என்று இளப்பமா?

ஐரோப்பிய ஓவிய வரலாற்றுப் புத்தகம் எதைப் புரட்டினாலும், பிறர் ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. கூடவே 'நகல் எடுப்பவர்' என்ற முத்திரை. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

நகல் என்றால் என்னவென்று நினைக்கிறார்கள்? ஓவியனிடம் வண்ணம் உண்டு. செதுக்குபவனிடம் கறுப்புக் கோடு மட்டும்தான். பட்டின் மினுமினுப்பு, கன்னத்தின் மென்மை, கவசத்தின் பளபளப்பு எல்லாவற்றையும் கோட்டின் தடிமனாலும் ஆழத்தாலும் நெருக்கத்தாலுமே சொல்லியாக வேண்டும். அச்சில் இடம் வலமாகும் என்பதால், படம் நேராக வர வேண்டுமானால் தகட்டில் தலைகீழாகக் கண்ணாடிப் பிம்பம்போலச் செதுக்க வேண்டும். பெரிய தகடு ஒன்றுக்கு வருடக்கணக்கில் உழைத்தவர்கள் உண்டு. இதை நகல் என்பவர், மொழிபெயர்ப்பாளரையும் எழுத்தர் என்றுதான் சொல்வார்.

மார்க்கந்தோனியோ செதுக்கிய 'பாரிஸின் தீர்ப்பு' படத்தைப் பாருங்கள். ரஃபேல் வரைந்து கொடுத்தார். ஓவியமாகத் தீட்டவே இல்லை. ஆக, எதன் நகல் அது? அதில் ஓரமாக அமர்ந்திருக்கும் மூவரைத்தான் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மானே 1863-ல் தன் 'புல்வெளி விருந்து' ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார். ஊர்விட்டு ஊர் போகாத சுவரோவியங்களையும் அச்சுத்தாள்தான் ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

சேகரிப்பாளர்களும் சும்மா இல்லை. மரோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்களை 1667-ல் பதினான்காம் லூயிக்காக வாங்கினார்கள். ஆசை அவ்வளவு! ஆனால் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பலர் தாளின் ஓரத்தை நறுக்கினார்கள். பெயர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஓவியர் பெயர் ஊரறிந்தது; செதுக்கியவர் பெயர் கத்தரியோடு போயிற்று.

லண்டன் ராயல் அகாதமி இன்னும் மோசம். 1768-ல் தொடங்கியபோதே செதுக்குபவர்களுக்கு முழு உறுப்பினர் தகுதி இல்லை என்றது. பிறகு இணை உறுப்பினர் என்று ஆறு இடம் ஒதுக்கியது. பந்திக்கு அழைத்துத் திண்ணையில் உட்கார வைத்த கதை. பார்தொலோசி மட்டும் ஓவியர் என்ற கணக்கில் உள்ளே போனார். ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் கொதித்துப்போய் 1775-ல் ஒரு புத்தகமே எழுதினார். அகாதமி அசையவில்லை. 1850-களில்தான் கதவு திறந்தது. ஸ்ட்ரேஞ்ச் இறந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது.