விநாடிக் கணக்கு இருக்கட்டும், தேதி இருக்கிறதா?

பிறந்த தேதியைத் தட்டினால் போதும். நமக்கு இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள், இத்தனை விநாடி என்று கைப்பேசி சொல்லிவிடுகிறது. பிறந்த கிழமை என்ன, அதே நாளில் பிறந்த நடிகர் யார் என்பதெல்லாம் இலவச இணைப்பு. வாட்ஸ்அப்பில் அடிக்கடி யாராவது எனக்கு இதை அனுப்புகிறார்கள். 'உங்கள் துல்லியமான வயது' என்று தலைப்பு வேறு! அந்தத் 'துல்லியம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கணக்கில் சுவை இல்லை என்று சொல்ல மாட்டேன். 100 கோடி விநாடி என்றால் ஏறத்தாழ 31 வருடம் 8 மாதம். 1950ஆம் ஆண்டின் நாள்காட்டி கிழமை மாறாமல் 1978இலும் 2006இலும் திரும்பி வந்தது. ஆயிரம் பிறை கண்டவர் என்று 80 வயதானவருக்குச் சதாபிஷேகம் செய்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். ஆயிரமாவது பௌர்ணமி 80 வருடம் 10 மாதம் வாக்கில் வருகிறது. பெரியவர்கள் கைப்பேசி இல்லாமலே போட்ட கணக்கு இது.

ஆனால் விடை சரியாக வர வேண்டுமானால், போடுகிற தேதி சரியாக இருக்க வேண்டாமா? பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் 'எத்தா சிவில்' என்ற பதிவேடு இருந்தது. பிரெஞ்சு சிவில் சட்டப்படி பிறந்த நாள் மட்டுமல்ல, பிறந்த மணியும் பதிவாக வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குத் தேதியில் சந்தேகமே வந்ததில்லை. எல்லையைத் தாண்டி நாலு வயல் நடந்தால் கதை வேறு. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது! வாத்தியார் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவார். அந்தத் தேதிக்கு விநாடிக் கணக்கு பார்த்து என்ன பயன்?

சட்டமே எல்லா இடத்திலும் வயதை ஒரே மாதிரி எண்ணுவதில்லை. 1875ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டப்படி, பிறந்தநாளன்றுதான் 18 வயது நிறைகிறது. அரசு ஊழியர் ஓய்வு பெறுவதோ, 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில். மாதத்தின் 1ஆம் தேதி பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே வெளியே வந்துவிட வேண்டும். ஜூன் 2 என்று எழுதப்பட்டவருக்கு ஜூன் 30 வரை வேலை. ஜூன் 1 என்று எழுதப்பட்டவருக்கு மே 31 வரைதான். வாத்தியாரின் பேனா ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தால் ஒரு மாதச் சம்பளம்! பணிப்பதிவேட்டில் ஏறிய தேதியை மாற்ற வேண்டுமானால், மத்திய அரசு விதிப்படி சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பிறகு அழுதாலும் நடக்காது.

இதைவிடப் பெரிய அநியாயம் பாட்டிகளுக்கு. மத்திய அரசு விதிப்படி 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைக்கும் இது உண்டு. ஆனால் கணவருடைய ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இல்லாவிட்டால்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் எந்தச் சான்றிதழைக் காட்டுவார்? 'சண்டைக் காலத்தில் பிறந்தேன்' என்றால் எந்தக் கருவூலமும் பணம் தராது. ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று ஒரு தேதி இருக்கிறது. அது அவர்கள் பிறந்த தேதி அல்ல, தெரியாததற்கு இட்ட நிரப்பு.

இளைஞர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் வரக் கூடாது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

எத்தனை விநாடி வாழ்ந்தோம் என்று பார்க்கும் நேரத்தில், வீட்டிலுள்ள பாட்டியின் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அவருடைய பிறந்த தேதி அதில் இருக்கிறதா, ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, தேதி போட்ட ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.