ஊசி மூடாத வண்டி

கார்புரேட்டர் வழிகிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பல மெக்கானிக்குகளின் ஸ்க்ரூடிரைவர் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தேடிப் போய்விடும். “கால் சுத்து வெச்சா சரியாயிடும் சார்.” ஆகாது. வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது போகும் கொஞ்சப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கத்தான் அந்தத் திருகு. வழிவதற்கான காரணம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

பிரீமியர் பத்மினி காரையே எடுத்துக்கொள்வோம். 1089 சிசி எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர். பம்ப் தள்ளும் பெட்ரோல் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்கிறது. அதில் மிதக்கும் ஃப்ளோட், மட்டம் ஏறியதும் நீடில் வால்வின் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் நீர் நிறைந்ததும் குழாயை அடைக்கும் மிதவைப் பந்து செய்கிற அதே வேலைதான். ஊசி சரியாக மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் இறங்கும். கரும்புகை வரும், பிளக் நனையும், செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சோக் கேபிள் இறுகிப் பாதியில் நின்றிருந்தாலும் இதே கூத்துதான்; முதலில் அதைப் பாருங்கள். வெயிலில் ஓட்டி நிறுத்தி, கால்மணி கழித்து எடுக்கும்போது மட்டும் அடம்பிடித்தால் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே இறங்கியிருக்கலாம். அதற்கு ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் வழிந்தால்தான் ஊசியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டு, சற்றுத் தள்ளி நின்று கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள்; முகத்தை அதன் மேலே கொண்டுபோக வேண்டாம். அந்த நிலையில் நடுவில் இருக்கும் நாசில் காய்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து சொட்டினால் மட்டம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தருகே மெல்லத் தட்டுங்கள். சொட்டு நின்றால் ஊசியில் தூசி சிக்கியிருக்கிறது. பக்கத்தில் யார் பீடி பிடித்தாலும் விரட்டிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

நிற்கவில்லையென்றால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சளசளவென்றால் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் ஏறிவிட்டது. சந்தேகமிருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள்; ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பித்தளை ஃப்ளோட்டை ஈயம் வைத்து அடைக்கலாம்தான். ஆனால் எடை கூடினால் அது தாழ மிதக்கும், மட்டம் மறுபடி ஏறும். கிடைத்தால் புதிதே மேல். அடுத்து, ஊசியை விரல் நுனியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் வரும் துளையில் ஊதுங்கள். காற்று போகக் கூடாது.

மூடிப் பூட்டும்போது பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நீடில் வால்வுக்கு அடியில் ஒரு வாஷர் இருக்கும். சோலெக்ஸில் அதன் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. கடைக்காரர் கொடுத்த மெல்லிய வாஷரைப் போட்டால் வால்வு மேலேறி, புது ஊசியே வழியும். அப்புறம் “டூப்ளிகேட் ஊசி” என்று ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்காரரோடு சண்டை! பம்ப் மாற்றியிருந்தாலும் அதன் அடியில் இருந்த தடிமனான ஸ்பேசர் திரும்பப் போடப்பட்டதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பம்ப் அதிகமாக அடித்து ஊசியைத் தள்ளித் திறக்கும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கேட்கிறார்கள். கணக்குப்படி அது கலவையை மெலிய வைக்க வேண்டும். ஆனால் பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும். டேங்கில் படிந்த பிசினும் துருவும் கிளம்பி ஊசியில் வந்து உட்காரும். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் போடுவது செலவு குறைந்த வேலை. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். கிடைக்கும் காற்று உபரிப் பெட்ரோலை வெளியேற்றும். பெடலை மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். வீடு வந்ததும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது ஆயிலோடு கலந்து அதை நீர்க்கவைத்திருக்கிறது. ஊசியைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.