கிளுவை வேலியும் கௌதாரியும்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் நிலம் உடைய அங்கத்தினர்களுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்விதழைப் படிக்கும் நெசவாளர் அங்கத்தினர்களில் பலர் அதைப் பயிரிடாது போட்டுவைத்த தரிசு என்றே எண்ணி வருகின்றனர். விவசாயிகளின் பிள்ளைகளும் இப்பொழுது அவ்வாறே எண்ணத் தொடங்கிவிட்டனர். ஆகவே சிறிது விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

ஆண்டிற்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையையே நம்பியிருக்கும் நிலம் அது. அதில் ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிரை நம்ப இயலாதென்று கண்ட முன்னோர், கொழுக்கட்டைப் புல்லைப் பல்லாண்டுப் பயிராக நிலைநிறுத்தினார்கள். இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு, சுற்றிலும் முள்கிளுவையை வேலியாக வளர்த்தார்கள். நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்துவிட்டு மற்றொன்றை ஓய விடுவார்கள். காங்கயம் மாடு என்று நாம் பெருமை பேசும் இனம் இந்தப் புல்லின்மீது நின்றே உருவானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ ஒரு போகம் எடுத்துவிட்டு, மீண்டும் புல்லுக்கே விடும் வழக்கமும் சிலரிடம் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, கல்கால் நட்டுக் கம்பிவேலி போடுவதற்கு மத்திய காலக் கடன் கோரிய விண்ணப்பம் ஒன்று என் பார்வைக்கு வந்தது. இடத்தைப் பார்க்கச் சென்றேன். நான்கு ஏக்கர் காடு. விண்ணப்பதாரர் கடன் கைக்கு வருமுன்பே மண் வாரும் இயந்திரத்தைக் கொண்டு மூன்று பக்கத்துக் கிளுவையையும் பிடுங்கிக் குவித்திருந்தார். காரணம் கேட்டேன். “வேலியே ஆறடி இடத்தைத் தின்னுபோடுதுங்க. அதிலே கௌதாரியும் பாம்புந்தான் குடியிருக்குது. எனக்கென்னுங்க வரும்படி?” என்றார்.

நியாயமான கேள்விதான். கடன் கொடுக்கும் சங்கமும் இதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும். முதலில் இடத்தின் கணக்கைப் பார்ப்போம். நான்கு ஏக்கர் சதுரமான காட்டின் சுற்றளவு சுமார் 1,670 அடி. வேலி ஆறடி அகலம் கொள்வதானால் போவது ஏறத்தாழ 23 சென்ட். அதாவது நானூறு சென்டில் நூற்றுக்கு ஆறுகூட இல்லை. அடுத்த காட்டுக்காரருக்கும் பொதுவான வேலியாயின் அதில் பாதிதான். இது அற்பமென்று நான் கூறவில்லை; ஆனால் கல்லும் கம்பியும் கடன் வாங்கிப் போடவேண்டியவை, துருப்பிடிப்பவை. கிளுவையோ போத்து நட்டால் வருவது. இடைவெளி விழுந்தால் போத்தாலேயே அடைபடுவது.

இனி, கௌதாரியின் கணக்கு. ஒரு காலத்தில் அது வேட்டைப் பறவையாக மதிக்கப்பட்டது. பழக்கிய பறவையைப் பார்வையாக வைத்துக் காட்டுப் பறவையைக் கண்ணியில் சிக்கவைப்பதைப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட உரிமம் பெற்றுச் சிறு வேட்டையாடுவதற்கு இடமிருந்தது. 1991இல் செய்த திருத்தம் அந்த உரிமங்களை அகற்றிவிட்டது. ஆகவே இன்று கண்ணி வைப்பவர் குற்றவாளி. வலை வைப்பாரிடமிருந்து பறவையைச் சட்டம் காக்கும். வேலி பிடுங்குவாரிடமிருந்து காக்க அதில் வழியில்லை. கௌதாரி நிலத்தில், புதரடியில் சிறு குழி செய்து நான்கு முதல் ஒன்பது முட்டை வரை இடும். இரவில் தாழ்ந்த முள்மரத்திலும் புதரிலும் அடையும். வேலியும் வேலியடிப் புல்லும் போனால் அதற்கு வீடு இல்லை.

இதை நம் ஊர்க் கவலை என்று மட்டும் கொள்ளலாகாது. இங்கிலாந்தில் நம் கௌதாரிக்கு உறவான சாம்பல்நிறக் கௌதாரி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டார் வயல்களைப் பெரிதாக்குவதற்காக வேலிகளைப் பிடுங்கினார்கள். தானிய வயல்களில் களைக்கொல்லி தெளித்தார்கள். களை போயிற்று, களையை அண்டி வாழ்ந்த பூச்சிகளும் போயின. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் இரண்டு வாரம் பூச்சியையே தின்று வளர்வது. ஆகவே வெடிகுண்டு படாமலே குஞ்சுகள் பட்டினியால் மாண்டன. 1967 முதல் இதுவரை அந்தப் பறவையின் எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்திருக்கிறது. டிக் பாட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1968இல் சசெக்ஸ் பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சி, இக்காரணங்களைத் தெளிவாக்கிற்று. பின்னர் அங்கே வயலின் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்திற்கு மருந்து படாமல் விடுவதையும், பெரிய வயல்களின் நடுவே கரை எடுத்துத் தூர் கட்டும் பல்லாண்டுப் புல் விதைப்பதையும் பரிகாரமாகக் கைக்கொண்டார்கள். பிடுங்கிய வரப்பை அவர்கள் பணம் செலவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். நாமோ இருப்பதைப் பிடுங்கக் கடன் கேட்கிறோம்.

அமெரிக்காவின் கதை வேறு. 1985இல் இயற்றிய சட்டத்தின்படி, மண் அரிக்கும் நிலத்தை உழாமல் பல்லாண்டுப் புல் விதைத்துவிடும் விவசாயிக்கு அரசாங்கமே 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாடகை தருகிறது. மண்ணைக் காப்பதற்கும் மிகை விளைச்சலைக் குறைப்பதற்கும் வந்த திட்டம் அது. பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. டகோட்டா மாநிலங்களில் பெசன்ட் என்னும் நெடுவால் கோழியினம் பெருகிற்று. 2007இல் மூன்று கோடியே அறுபது லட்சம் ஏக்கருக்கு மேல் இத்திட்டத்தில் இருந்தது. அதன்பின் மக்காச்சோளத்தின் விலை ஏறவே, ஒப்பந்தம் முடிந்தவர்கள் புல்லை உழுதுபோட்டார்கள், பறவைகளும் குறைந்தன.

அவர்களுடைய அனுபவத்தில் எனக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. புல்லை விதைத்துவிட்டு அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் அது மண்டி, பழைய சருகு மூடி, பறவைக்கே ஆகாததாகிவிடுகிறது. காடைக் குஞ்சு கட்டைவிரல் அளவினது. தூருக்கும் தூருக்கும் இடையில் வெறுந்தரை இருந்தால்தான் அதனால் ஓடிப் பூச்சி பொறுக்க முடியும். ஆகையால் அவர்கள் நிலத்தைப் பகுதிகளாக்கி, ஓராண்டு ஒரு பகுதியை எரித்தோ இலேசாக உழுதோ புதுப்பிக்கிறார்கள். அடைகாக்கும் பருவத்தில் புல்லை அறுப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம்முடைய கொழுக்கட்டைப் புல்லையே டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் மேய்ச்சலுக்காகக் கொண்டுபோய் விதைத்தார்கள். அது மற்றச் செடிகளை அமுக்கிப் பரவியதால் காடை வளர்ப்பில் அக்கறையுள்ளவர்கள் அதைப் பகையாகக் கருதுகின்றனர். நம் கொறங்காட்டிலோ அதே புல், மாட்டின் வாய்க்கும் காலுக்கும் அடங்கி, நரிப்பயற்றுக்கும் செப்பு நெருஞ்சிக்கும் இடம் விட்டு நிற்கிறது. மாற்றி மாற்றி மேய்ப்பதும், இடையில் ஒரு போகம் உழுவதும், அமெரிக்கர் செலவு செய்து செய்யும் வேலையையே வரும்படியோடு செய்துவிடுகின்றன.

வரும்படியைப் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் வேட்டைக்கு வருபவர் பணம் கொடுக்கிறார். அமெரிக்காவில் அரசாங்கம் கொடுக்கிறது. நம் நாட்டில் கௌதாரிக்காக ஒருவரும் ஒரு காசும் கொடுக்கப் போவதில்லை. அது கறையானையும் வண்டையும் தின்கிறது என்பது உண்மை. அதற்காக மட்டும் ஒருவர் 23 சென்டை விட்டுக்கொடுப்பார் என்று நான் நம்பவில்லை. மாடும் ஆடும் வரும்படி தருகிறவரையில் புல் நிற்கும். புல் நிற்கிறவரையில் வேலி நிற்கும். அந்த நிழலில் பறவை வாழும். எனவே சங்கங்கள் பறவையை நினைத்து ஒன்றும் செய்யவேண்டாம். மேய்ச்சல் நிலத்தையும் ஒரு சொத்தாக நினைத்தால் போதும்.

என் அபிப்பிராயம் இது. மாட்டுக் கடனோ ஆட்டுக் கடனோ வழங்கும்பொழுது, மேய்ச்சல் காட்டின் வேலி எந்நிலையில் உள்ளதென்று பார்த்து, பழுதிருந்தால் போத்து நடுகூலிக்கும் சேர்த்துச் சிறு தொகை அனுமதிக்கலாம். கம்பிவேலிக்குக் கடன் கோருவோரிடம், உயிர்வேலியைப் பிடுங்குவதில்லை என்ற உறுதியை நிர்வாகக் குழு பெறவேண்டும். கிளுவையை ஒட்டி உட்புறமாக இரண்டு இழை கம்பி ஓட்டுவதைத் தடுக்கவேண்டியதில்லை; சந்து வழியே ஆடு நுழைவதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள், அதற்கு அது போதும்.

அங்கத்தினர்கள் தாமே செய்யக்கூடியதும் உண்டு. வேலியை ஒரே ஆண்டில் நாற்புறமும் கழித்துவிடாமல் ஆண்டுக்கு ஒரு பக்கமாகக் கழிக்கலாம். வேலியடியில் பத்தடிப் புல்லைச் சித்திரை முதல் புரட்டாசி வரை, பெரும்பாலும் அடைகாக்கும் காலமாதலால், அறுக்காமல் விடலாம். அங்கே களைக்கொல்லி தெளிப்பதும் கோடையில் நெருப்பு வைப்பதும் கூடவே கூடாது. பச்சைக் கிளுவையே அந்நெருப்பில் கருகிப்போவதைக் கண்டிருக்கிறேன்.

மயிலைப் பற்றி ஆக்ஷேபம் எழும் என்பதை அறிவேன். நிலக்கடலையும் தக்காளியும் மயிலுக்கு இரையாகும் ஊர்களில் பறவைக்குப் புகலிடம் என்று பேசினால் கோபம் வருவது இயல்பே. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. கொறங்காட்டு வேலியைவிட, சீமைக் கருவேல் மண்டிய ஓடைக்கரைகளிலேயே மயில் கூட்டமாகத் தங்குவதை நான் பார்த்து வருகிறேன். அவற்றை அகற்றுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலையாதலால் நடவாமல் இருக்கிறது. ஒருவர் தனியாக இயந்திரம் கொண்டுவந்து செய்யக்கூடிய வேலி பிடுங்கலோ நடந்துவிடுகிறது.

மேற்சொன்ன விண்ணப்பதாரரின் நான்காம் பக்கத்து வேலி அவர் அண்ணனுடைய காட்டிற்கும் பொதுவானது. அண்ணன் இசையாததால் அது நிற்கிறது. சங்கம் கடனை மறுக்கவில்லை. பிடுங்கிய மூன்று பக்கத்திலும் கம்பிக்கு வெளியே கிளுவை வைப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுமதித்திருக்கிறது. போத்துக்கு எங்கே போவது என்று அவர் கேட்டபோது, அண்ணனே தம் பக்கத்திலிருந்து வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.