வடதுருவப் பனி உருகினால் கரிசலுக்கு என்ன?

புரட்டாசியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானம் பார்த்திருப்பவர்களிடம் இப்போது ஒரு விளக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. மழை பருவம் தப்புவதற்குக் காரணம் துருவத்தில் பனி உருகுவது என்கிறார்கள். அந்தப் பனி உருகினால் கடல் ஏறித் தூத்துக்குடியை மூழ்கடிக்கும் என்றும் கூடவே சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மையும் பிழையும் கலந்து கிடப்பதால், நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

கடல் மட்டத்தை முதலில் முடித்துவிடலாம். துருவங்களில் இருவகைப் பனி உண்டு. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் மலைபோல் கிடப்பது ஒன்று. அது உருகிக் கடலில் சேர்ந்தால் கடல் உயரும். தூத்துக்குடிக்காரர்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். மற்றது, கடல் நீரே உறைந்து மிதக்கும் கடல்பனி. பெரும்பாலும் சில மீட்டர் கனம்தான். மிதக்கும்போதே தன் எடைக்குச் சமமான நீரை அது ஒதுக்கிவிட்டதால், உருகினாலும் கடல் மட்டம் அநேகமாக மாறாது.

அப்படியானால் அது கரைவதில் என்ன கெடுதல்? வெப்பம்தான். சித்திரை வெயிலில் வேம்பார் உப்பளத்துக் குவியல் கண்ணைக் கூசவைக்கும். அதே வெயிலில் கரிசல் காட்டில் வெறுங்காலை ஊன்ற முடியாது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கருமை உள்வாங்கிக்கொள்கிறது. கடல்பனி தன் மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். புதுப்பனி மூடியிருந்தால் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். பனி விலகிய கரிய கடல்நீரோ பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. உள்வாங்கிய வெப்பம் மிச்சப் பனியையும் கரைக்கிறது, குளிர்காலத்தில் புதுப்பனி உறைவதைத் தாமதப்படுத்துகிறது, பிறகு காற்றிலும் ஏறுகிறது. 1979 முதல் வடதுருவம் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதும் அந்த 1979ஆம் ஆண்டையொட்டித்தான். 1980களில் கோடை முடியும் செப்டம்பரில் வடதுருவக் கடலில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி எஞ்சியிருக்கும். 2012 செப்டம்பரில் எஞ்சியது சுமார் 34 லட்சம். இழந்த பரப்பு இந்தியாவைவிடப் பெரியது. தென்துருவத்தில் 2014 வரை கடல்பனி கூடிக்கொண்டிருந்ததை வைத்துச் சிலர் ஆறுதல் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் அங்கும் அது 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டது.

இனி மழை. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008இல் இந்தியா ‘ஹிமாத்ரி’ ஆய்வுநிலையத்தைத் திறந்தது. அதை நடத்தும் கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டும் அதீத மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது அது. மேலடுக்குக் காற்றோட்டத்தின் வளைவுகள் மாறுவதும் அரபிக்கடல் சூடாக இருப்பதும் சேர்ந்து அந்த மழையைத் தருவதாக அதன் விளக்கம். கவனிக்க வேண்டியது, அது தென்மேற்குப் பருவமழையைப் பற்றிய ஆய்வு. கரிசலின் மானாவாரி நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை. அந்த ஆய்வை அப்படியே தூக்கிவந்து கோவில்பட்டி மழைக்குக் காரணமாகச் சொல்வது சரியல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கோவில்பட்டியிலும் 50 செ.மீ.யை ஒட்டிப் பெய்தது. ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதிக்கும் மேல். மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் நின்ற காடுகளில் தண்ணீர் நின்றது. கொட்டியது குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சி. அந்த ஆண்டின் எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி அதிகம் சூடாகியிருந்ததும் வடகிழக்கு மழைக்குப் பொதுவாகச் சாதகமானவை. இந்தக் கணக்கில் துருவப் பனியை நேரடியாகச் சேர்க்க ஆதாரமில்லை.

ஆனால் சேர்க்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வறண்ட நாளில் அந்தக் காற்று கரிசலின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். பெய்யும் நாளில் ஒரே மூச்சில் கொட்டும். பூமியின் வெப்பத்தைக் கூட்டும் காரணங்களில் மறைந்துவரும் அந்த வெண்பரப்பும் ஒன்று. கரிசலுக்கும் துருவத்துக்குமான கயிறு இவ்வளவு நீளமானது, ஆனால் அறுபடாதது.

அந்தக் கயிறு மறுபக்கமும் இழுக்கிறது. ஒரு டன் கரியமில வாயு வெளியேறினால் வடதுருவக் கடலில் மூன்று சதுர மீட்டர் செப்டம்பர்ப் பனி குறைகிறது என்று 2016இல் இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற நிலக்கரி ஆலையில் ஆயிரம் யூனிட் மின்சாரம் எடுத்தால் கிட்டத்தட்ட அந்த ஒரு டன் வெளியேறும். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட் ஓடும் வீட்டுக்கு அது நாலு மாதக் கணக்கு. கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளில் அதே ஆயிரம் யூனிட்டைச் சுழற்றி எடுக்கும்போது புகையில்லை. மலைபோன்ற நிலப்பனி போனால் திரும்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கடல்பனி அப்படியல்ல, வெப்பம் தணிந்தால் சில ஆண்டுகளிலேயே மீண்டும் உறையக்கூடியது.