பாட்டுப் போட்டியும் நம் தேசமும்

ஐரோப்பிய தேசங்கள் 1956 முதல் நடத்திவரும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், அக்கண்டத்தைச் சேராத ஆஸ்திரேலியா 2015-ல் முதன்முறையாகக் கலந்துகொண்டது. வியன்னா நகரில் அத்தேசத்தின் சார்பாகப் பாடி ஐந்தாம் இடம் பெற்றவர் கை செபாஸ்டியன். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர். தந்தை வழியில் தமிழர். குடிபுகுந்த நாட்டிற்கு அவர் கீர்த்தி தேடித் தந்தது முறையே. நாம் வினவுவது வேறு: இந்தியா தன் பெயரால் அம்மேடையில் ஒருமுறையேனும் பாடியதுண்டா?

ஆஸ்திரேலியாவுக்கு அழைப்பு தற்செயலாக வந்ததன்று. அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய எஸ்.பி.எஸ். 1983 முதலே அப்போட்டியைத் தன் ஜனங்களுக்குக் காட்டி வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தில் இணை அங்கத்தினராகவும் இருந்தது. நம் தேசத்தில் பாடுவோர்க்குப் பஞ்சமில்லை, கேட்போர்க்கும் பஞ்சமில்லை. பிரசார் பாரதியின் முயற்சிக்கே பஞ்சம்.

சேரப்பணஞ்சேரியை அடுத்த ஒரகடத்தில் நம் தொழிலாளர் செய்யும் கார்கள் கடல் கடந்து செல்கின்றன. ஆயினும் அவை தாங்கிச் செல்வது அந்நியக் கம்பெனிகளின் பெயரையே. உழைப்பு நமது, பெயர் பிறரது என்னும் இந்நிலை சங்கீதத்திலும் நீடிக்கலாமா?

போவதென்று துணிந்தால், எந்தப் பாஷையில் பாடுவது என்னும் கேள்வி எழும். சுவிட்ஸர்லாந்து தன் நான்கு பாஷைகளில் மிகச் சிறியதாகிய ரோமான்ஷிலும் 1989-ல் ஒரு பாட்டை அனுப்பிற்று. ஏரி நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல், பாரத பாஷைகள் ஒவ்வொன்றும் தன் முறை பெற வேண்டும். டில்லி ஒரே பாஷையை அனுப்புவதாயின், அனுப்பாதிருத்தலே நன்று.